பிரமாதம்

நிலாவெளிக் கடற்கரையில் காலை ஒன்பது மணிக்கே மணல் சுடத் தொடங்கிவிடும். கொழும்பிலிருந்து இரவோடிரவாக வேன் பிடித்து வந்திறங்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளலாம்: அப்பா, அம்மா, பன்னிரண்டு வயது மகள், எட்டு வயது மகன், கூடவே கடலைப் பார்த்தால் போதும் என்று வந்த அப்பம்மா. நுழைவுச்சீட்டு வாங்கியாயிற்று. வாடகைக்கு எடுத்த முகக்கண்ணாடியின் உட்புறத்தில் எச்சில் துப்பித் தேய்த்துக் கழுவச் சொல்கிறார் படகுக்காரர். இல்லாவிட்டால் தண்ணீருக்குள் புகை படிந்துவிடுமாம். மகள் முகத்தைச் சுளிக்கிறாள். தம்பி இரண்டு முறை துப்புகிறான்.

படகு புறாத்தீவை அடையப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஸ்நோர்க்கல் குழாயைக் கடித்துக்கொண்டு, அப்பா முகத்தைக் கவிழ்க்கிறார். கீழே மான்கொம்பு போலக் கிளைத்த பவளம், அதன் இடுக்கில் மஞ்சளும் கறுப்புமாக வரியோடிய மீன்கள். நாலைந்து மூச்சு சுகமாகப் போகிறது. பிறகு குழாய்க்குள் ஒரு மடக்கு உப்புத் தண்ணீர் ஏறுகிறது. இருமல், புரை, ஒரு கணத் திகில். மனம் எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் கால் முடிவு செய்துவிடுகிறது. ஊன்றுகிறது. ஏதோ மொறுக்கென்று முறிகிறது.

"ஐயா, காலை ஊண்டாதீங்க!" என்று படகிலிருந்து குரல் வருகிறது. "கல்லு உயிரோட இருக்கு."

அப்பா முகக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்களைத் துடைக்கிறார். முழங்காலில் சிராய்ப்பு. அது அவருக்கு இன்னும் தெரியவில்லை. அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல்: "பிரமாதம்!"

அந்தச் சொல்லுக்குள் ஒரு பழைய வழக்கு ஒளிந்திருக்கிறது.

*

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு துண்டு நிலம்: பெரிய புறாத்தீவு, சிறிய புறாத்தீவு. பெரியதே கையகலம்தான். ஏறத்தாழ 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர். ஆங்கிலேயர் காலத்தில் இது துப்பாக்கி, பீரங்கிப் பயிற்சிக்கான குறியிலக்காக இருந்தது. 1963இல் சரணாலயமானது, 2003இல் தேசியப் பூங்காவானது. சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 471 ஹெக்டேர். நூறு வகைப் பவளங்களும் முந்நூறு வகைப் பாறை மீன்களும் இங்கே பதிவாகியுள்ளன. ஆழமில்லாத இடங்களில் உலவும் கருநுனிச் சுறாக்கள் மனிதரைக் கண்டால் விலகிப் போகும்.

போர் நடந்த ஆண்டுகளில் வெளியூர்க்காரர் இந்தப் பக்கம் வருவது அரிது. 2009க்குப் பிறகு வழி திறந்தது, கூட்டமும் வந்தது. குறிபார்த்துச் சுட்டவர்கள் இடத்தில் இப்போது வியந்து பார்ப்பவர்கள். ஆனால் வியப்பவர்களுக்கும் கால் உண்டு.

இப்போது வழக்குக்கு வருவோம். அப்பா யாரையும் துன்புறுத்த வரவில்லை. பிள்ளைகளுக்குக் கடலின் அழகைக் காட்ட வந்தவர். காலடியில் இருப்பது உயிர் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், புரையேறிய அந்த ஒரு நொடியில் நினைவு வந்திருக்காது. நோக்கமில்லாத கால் செய்த தீங்குக்குக் கணக்கு உண்டா?

*

முதலில், அது உயிரா என்பதே எளிதில் விளங்கிவிட்ட விஷயமல்ல. தமிழே அதை மூன்று விதமாகப் பார்த்திருக்கிறது. நவமணிகளில் வைத்தபோது அது மணி. பவளக்கொடி என்றபோது கொடி. இலங்கைக் கரையோரத்தில் முருகைக்கல் என்றபோது வெறும் கல். நவமணிச் சிவப்புப் பவளம் இந்தக் கடலில் விளைந்ததும் அல்ல. அது மத்தியதரைக் கடலிலிருந்து கப்பலேறி முசிறித் துறைக்கு வந்த பண்டம். முருகைக்கல் நம்முடையது. அதை வெட்டி, சூளையில் சுட்டு, சுண்ணாம்பாக்கிச் சுவருக்குப் பூசினார்கள். இலங்கையில் 1980களில் வந்த சட்டங்கள் அதைத் தடுத்தன. மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரு தீவுகள் கடலுக்குள் அமிழ்ந்துபோனதற்குப் பவளம் வெட்டியதும் ஒரு காரணம். கல் என்று பெயர் வைத்தவர்கள் கல்லைப்போல் வெட்டியதில் வியப்பில்லை.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டும் உள்ள ஓரறிவு. சங்கு, சிப்பி வகைக்கு இரண்டு. எறும்புக்கு மூன்று. நண்டுக்கு நான்கு. மனிதனுக்கு ஆறு. இந்த அடுக்கில் பவளத்துக்குப் பெயர் சொல்லி இடம் இல்லை. சமணர்களின் உத்தராத்தியயன சூத்திரம் இடம் கொடுக்கிறது, வேறோர் இடத்தில். மண்ணையே உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்களின் நீண்ட பட்டியலில், உப்புக்கும் இரும்புக்கும் பக்கத்தில் பவளமும் வருகிறது. உயிரியல் பாடத்தில் இதற்கு மதிப்பெண் கிடைக்காது. ஆனால் காலடியில் வைத்துப் பார்த்தால் விடை சரிதான்: மிதிக்காதே.

ஐரோப்பாவில் இந்தப் பாடம் இன்னும் தாமதம். மார்செய் நகரத்து மருத்துவர் பெய்சொனெல் 1720களில் பவளத்தைக் கடல்நீர்த் தொட்டியில் வைத்துக் கவனித்தார். பூ என்று எல்லோரும் சொன்னது வாயும் கைகளும் கொண்ட சின்ன விலங்கு என்று கண்டார். பாரிஸ் அறிவியல் கழகத்தில் அதை எடுத்துச்சொன்ன ரெயோமூர், பெய்சொனெல் கேலிக்கு ஆளாகக் கூடாதே என்று அவர் பெயரையே மறைத்துவிட்டார். நன்னீர் ஹைட்ராவைத் திரெம்பிளே ஆராய்ந்து 1740களில் வெளியிட்ட பிறகுதான் விஞ்ஞானிகள் தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொண்டார்கள். கல்போல் அசையாமல் நிற்பது விலங்கு என்று நம்ப அறிவாளிகளுக்கே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது என்றால், எட்டு வயதுப் பையன் படகில் உட்கார்ந்து கேட்கும் கேள்வி சாதாரணமானதல்ல.

"அப்பா, அது கல்லா, மரமா, பூச்சியா?"

மூன்றும்தான். ஒவ்வொரு பவள உயிரும் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும் மெல்லிய பை. வாயைச் சுற்றி உணர்கொம்புகள். உடலுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருந்து, வெயிலை வாங்கிச் சமைத்து, வீட்டுக்காரருக்கே சோறு போடுகின்றன. அடியில் அது சுண்ணாம்பைச் சுரந்து வீடு கட்டிக்கொண்டே போகிறது. மேலே தோல் விலங்கு, உள்ளே அடுப்பு தாவரம், கீழே கட்டடம் கல். உயிருள்ள பகுதி ஒரு மெல்லிய பூச்சுதான். செருப்போ முழங்காலோ உரசினால் அந்தப் பூச்சு வழன்றுவிடும். அங்கே பாசி படரும், நோய் ஏறும். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். பாட்டி உயரத்துக்கு ஒன்று நின்றால் அது பாட்டியின் பாட்டிக்கும் மூத்தது.

*

நோக்கமில்லாத தீங்கு பற்றிய விசாரணை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. பாலி மொழியின் மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி சுத்தம் என்றொரு பகுதி. நாளந்தாவைச் சேர்ந்த செல்வர் உபாலி, மகாவீரரின் அடியார். தன் ஆசானின் தரப்பை நிலைநாட்டப் புத்தரிடம் வாதுக்குப் போகிறார். உடலால் செய்யும் தீங்கே பெரிது என்பது உபாலியின் கட்சி. மனத்தால் எண்ணுவதே பெரிது என்பது புத்தரின் கட்சி. அப்போது புத்தர் கேட்கிறார்: எல்லாக் கட்டுப்பாடுகளையும் காக்கும் ஒரு சமணத் துறவி நடந்து போகிறார், வருகிறார். அவர் காலடியில் எத்தனையோ சிற்றுயிர்கள் சாகின்றன. அதற்கு உங்கள் ஆசான் என்ன பயன் சொல்கிறார்? நோக்கமில்லாதது பெருங்குற்றம் இல்லை என்கிறார், இது உபாலியின் பதில். அந்தப் பதிலிலேயே அவர் கட்சி சரிகிறது. கடைசியில் அவர் புத்தரின் அடியாராகிவிடுகிறார்.

கதையைச் சொல்வது பௌத்த நூல். அதனால் வெற்றி யாருக்கு என்பதில் ஐயமில்லை. தமிழில் எதிர்த்தரப்பும் பேசியிருக்கிறது. பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்த சமணக் காப்பியம் நீலகேசி, பௌத்தர்களை ஒவ்வொருவராக வாதுக்கு இழுக்கிறது. அதில் காரசாரமான இடம் ஊன் உண்பது பற்றியது. நான் கொல்லவில்லை, கொல்லச் சொல்லவும் இல்லை, கிடைத்ததை உண்டேன் என்பவனுக்குக் கொலையில் பங்கில்லையா? பங்குண்டு என்று வாதாடுகிறாள் அதன் நாயகி நீலகேசி. உண்பவன் இருப்பதால்தானே கொல்பவன் இருக்கிறான்.

நிலாவெளிக் கரைக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தும். பார்ப்பவர் இருப்பதால்தான் படகு. படகு இருப்பதால்தான் நங்கூரம், எண்ணெய், தண்ணீரில் கூட்டம். ஆனால் அதே படகுக் கூலியில்தான் இங்கே பல வீடுகளில் உலை கொதிக்கிறது. பூங்கா எல்லைக்குள் மீன் பிடிக்கத் தடை உண்டு. வயிற்றுக்காக வலை வீசுபவரை விலக்கிவிட்டு, கண்ணுக்காக வருபவரைச் சீட்டுக் கொடுத்து உள்ளே விடுவது எந்த நியாயம் என்று ஒரு மீனவர் கேட்டால், வனசீவராசிகள் திணைக்களத்திடம் சட்டம் இருக்கிறது. நீலகேசியிடம் அதைவிடக் கூரிய கேள்வி இருக்கும்.

*

சமணம், பௌத்தம் என்ற இரு கட்சிகளும் வாயால் எவ்வளவு சண்டையிட்டாலும் கால் விஷயத்தில் ஓரிடத்தில் வந்து சேர்ந்துவிட்டன. அந்த இடத்தின் பெயர்தான் பிரமாதம்.

சமணரான உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது, உயிருக்கு ஊறு நேர்ந்தது என்பதோடு நிறுத்தவில்லை. அந்த ஊறு பிரமாதத்தால், அதாவது கவனப் பிசகால் நேர்ந்ததா என்று கேட்கிறது. புத்தர் தம் கடைசிப் பேச்சில் சீடர்களிடம் வேண்டியது அதன் எதிர்ச்சொல்லான அப்பமாதம், விழிப்போடிருத்தல். வடமொழியில் பிரமாதம் என்றால் அசட்டை, மயக்கம், தவறு. தமிழில் நுழைந்த பிறகும் பழைய வழக்கில் அதற்குப் பிழை, ஆபத்து என்ற பொருள்கள் இருந்தன. பிறகு அளவு மீறியது என்றாகி, இன்று கச்சேரியிலும் சாப்பாட்டு மேசையிலும் நாம் கொடுக்கும் பாராட்டாக நிற்கிறது. தலையை வெளியே தூக்கி அப்பா சொன்ன சொல் அகராதியின் இரண்டு முனைகளிலும் உண்மை.

இந்தக் கோணத்தில் வழக்கின் உருவம் மாறிவிடுகிறது. காலை ஊன்றிய நொடியில் அப்பாவுக்கு நோக்கமும் இல்லை, தெரிவும் இல்லை. அந்த நொடியை வைத்து அவரை விசாரிப்பது வீண். விசாரிக்க வேண்டியது அதற்கு முந்திய அரை மணி நேரத்தை. குழாயில் தண்ணீர் ஏறினால் ஊதி வெளியேற்றப் பழகினாரா? மணல் தரையில் நின்று முகத்தைக் கவிழ்த்து மிதந்து பார்த்தாரா? உயிர்காப்பு அங்கியை வெயிலுக்குக் கனக்கிறது என்று கழற்றிப் படகில் போட்டாரா? கருணை நெஞ்சில் இருந்தால் போதாது. தண்ணீரில் அது முழங்காலிலும் கணுக்காலிலும் மூச்சிலும் இருக்க வேண்டும். சமணத் துறவிகள் இதை நடையில் பழகினார்கள். முன்னால் சில முழத் தரையைக் கண்ணால் துழாவிய பிறகே அடி எடுத்து வைப்பது அவர்களுக்கு விதி. மயிற்பீலி அலங்காரமல்ல, உட்காருமிடத்தை மெல்ல ஒற்றித் துடைக்கும் கருவி. நோக்கத்தைப் பெரிதாகப் பேசாமல் உடம்பைப் பழக்கியவர்கள்.

நோக்கத்தைப் பெரிதாகப் பேசியவர்களும் விதியைத் தவிர்க்க முடியவில்லை. விநய நூலான மகாவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி: மழைக்காலத்திலும் பிக்குகள் ஊர் ஊராகத் திரிவதைப் பார்த்து ராஜகிருகத்து மக்கள் முணுமுணுக்கிறார்கள். பசும்புல்லையும் ஓரறிவு உயிரையும் மிதித்துத் துவைக்கிறார்களே, பறவைகள்கூட மழைக்குக் கூட்டில் ஒடுங்குமே என்று. புத்தர், அவர்களுக்கு நோக்கமில்லை, அதனால் குற்றமில்லை என்று வாதாடவில்லை. மழைக்கால மூன்று மாதம் ஓரிடத்தில் தங்குங்கள் என்று ஆணையிட்டுவிட்டார். இலங்கைப் பிக்குகள் இன்றும் காக்கும் வஸ் காலம் அங்கிருந்து வந்தது.

விசித்திரம் என்னவென்றால், ஜூலைப் பௌர்ணமியை ஒட்டித் தொடங்கி அக்டோபர் வரை நீளும் அந்த மாதங்களில்தான் கிழக்குக் கரையில் கடல் கண்ணாடிபோல் கிடக்கும், நிலாவெளிப் படகுகள் நிரம்பி வழியும். நவம்பரில் வாடைக்காற்று எழுந்த பிறகு கடல் தானே கதவைச் சாத்திக்கொள்கிறது. புறாத்தீவுக்கு வஸ் விதித்தது வடகீழ்ப் பருவமழை.

எல்லாக் கடலுக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. தாய்லாந்தின் ஃபி ஃபி லே தீவில் மாயா விரிகுடா என்றொரு சின்ன வளைவு. 2000இல் வெளிவந்த 'தி பீச்' திரைப்படம் அதை உலகுக்குக் காட்டியது. பிறகு ஒரே நாளில் 5,000 பேர்வரை வந்தார்கள். அத்தனை பேரும் அதன் அழகில் மயங்கி வந்தவர்கள்தான். பவளங்கள் பெருமளவு அழிந்தன. 2018 ஜூனில் அரசு விரிகுடாவை மூடியது. 2022 ஜனவரியில் திறந்தபோது படகுகள் உள்ளே வரக் கூடாது, நீந்தக் கூடாது என்று விதிகள் வந்தன. மூடிக் கிடந்த காலத்தில் கருநுனிச் சுறாக்கள் திரும்பி வந்துவிட்டன. ஆண்டுதோறும் இரண்டு மாதம் மூடும் வழக்கமும் ஏற்பட்டது. கோயிலுக்குப் போய்ப் பழகிய தமிழருக்கு இதில் புதுமை இல்லை. உச்சிக்காலம் முடிந்தால் நடை சாத்துவார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து வந்தவரானாலும் நாலு மணிவரை மண்டபத்தில் காத்திருப்பார். சாமி தூங்குகிறது என்றால் யாரும் கோபிப்பதில்லை.

*

நிலாவெளியிலிருந்து தெற்கே பார்த்தால் திருகோணமலைக் கோட்டையும் அதன் உச்சியில் கோணேசர் கோயிலும். சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா பழைய கோயிலை இடித்து, கற்களைக் கோட்டைக்கு எடுத்துக்கொண்டான். மிச்சம் கடலில் விழுந்தது. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் திரைப்படக்காரர் மைக் வில்சனும் மலையடிவாரத்தில் மூழ்கி, செதுக்கிய தூண்களையும் கற்களையும் பாசி படர்ந்த நிலையில் கண்டார்கள். கிளார்க் அதைப் புத்தகமாக எழுதினார். வில்சன் முதல் சிங்கள வண்ணப்படமான 'ரன்முத்து தூவ'வை 1962இல் எடுத்தார், நீருக்கடிக் காட்சிகளோடு. பிற்பாடு அவர் படம், கடல், குடும்பம் எல்லாவற்றையும் விட்டுச் சுவாமி சிவகல்கி என்ற பெயரில் சந்நியாசியானார். பார்வை பார்ப்பவரையும் சும்மா விடாது என்பதற்கு அவர் ஓர் உதாரணம்.

தரிசனம் என்று நாம் சொல்வதும் இப்படிப்பட்ட பார்வைதான். கருவறை வாசலில் நிற்பவருக்கும் மூலவருக்கும் இடையில் எப்போதும் சில முழம் இருக்கும். யாரும் எட்டித் தொடுவதில்லை. சட்டை கழற்றி, கை கூப்பி, செருப்பை வெளியே விட்டு, மொத்த உடம்பும் அந்த இடைவெளிக்குப் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு கடலில் இறங்குபவர் ஏன் காலை ஊன்றுகிறார் என்பதற்கு விடை எளிது. அங்கே சாமி இருப்பதாக யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பசிபிக்கின் பலாவு நாடு 2017 டிசம்பரிலிருந்து இதைக் கடவுச்சீட்டிலேயே சொல்கிறது. உள்ளே வருபவர், அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு உறுதிமொழி தந்து, கடவுச்சீட்டில் குத்திய முத்திரையின் கீழ்க் கையெழுத்திட வேண்டும்.

கால் மட்டும்தான் எதிரி என்றால் கதை சுலபம். 1998இல் இந்தியப் பெருங்கடல் சூடேறியபோது இலங்கையின் தென்மேற்குக் கரையில் பவளங்கள் வெளுத்து மாண்டன. திருகோணமலைப் பக்கம் அன்று பெரிதும் தப்பியது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு பாகை கூடிச் சில வாரம் நீடித்தால் போதும், பவளம் தன் பாசிகளை வெளியே துரத்திவிட்டுப் பட்டினி கிடக்கும். அந்தச் சூட்டில் கொழும்பிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்த வேனின் புகைக்கும் ஓர் இழை பங்குண்டு. புகையாய் நீளும் அந்தக் காலை எங்கே ஊன்றுகிறோம் என்பதை எந்த முகக்கண்ணாடியும் காட்டாது. உபாலியும் நீலகேசியும் காலத்தைத் தாண்டி வந்தால், இந்தக் கணக்கை முடிக்க ஒரு மழைக்காலம் போதாது.

*

மாலைப் படகுக்கு முன் மகன் ஒன்றும் பேசாமல் நிற்கிறான். காற்சட்டைப் பை புடைத்திருக்கிறது. புறாத்தீவின் கரை மணலைவிட உடைந்த பவளத் துண்டுகளால் ஆனது. வெள்ளையாக, விரல் விரலாக, நடந்தால் சிலம்புபோல் ஒலிக்கும். எதையும் எடுத்துப்போகக் கூடாது என்று பலகை இருக்கிறது.

"எங்கே எடுத்தனீ?" என்று கேட்கிறாள் அம்மா.

"அங்க." கை நீட்டிய இடம் முப்பது அடி தூரத்தில்.

"போய் வச்சிட்டு வா."

"செத்ததுதானே அம்மா."

அம்மாவிடம் பதில் இல்லை. படகில் குந்தியிருக்கும் அப்பம்மாவைப் பார்க்கிறாள். அப்பம்மா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். அப்பா முழங்கால் சிராய்ப்பை இப்போதுதான் கண்டு, விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பையன் செருப்பைப் படகில் விட்டுவிட்டான். கூரிய துண்டுகள் உள்ளங்காலில் குத்துகின்றன. தலையைக் குனிந்து, கண்ணை இரண்டு முழம் முன்னால் வைத்து, இடம் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்கிறான். படகுக்காரர் எந்திரத்தை முடுக்காமல் காத்திருக்கிறார்.